குன்னூர்த் தடுப்பு மருந்தும் தரச் சான்றும்

மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரத்தின் துணைகொண்டு மலையேறும் ரயிலில் சென்று குன்னூரில் இறங்கும் மாணவர்கள் பெரும்பாலும் நாடிச் செல்லும் இடம் சிம்ஸ் பூங்கா. பூங்காவின் அருகே பழங்காலத்துக் கட்டடம் ஒன்று நிற்கிறது. மரங்களையும் மலர்களையும் பார்த்த கண்ணோடு அதனையும் ஒரு முறை பார்த்துவிட்டு அப்பால் நடந்துவிடுவோரே மிகுதி. அதுதான் பாஸ்டர் நிலையம். 1907-ஆம் ஆண்டு தோன்றிய அந்த நிலையம் நூறாண்டு நிறைவுற்ற மறு ஆண்டே ஒரு பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 2008 ஜனவரியில், தடுப்பு மருந்து உற்பத்தி செய்வதற்கு அதற்கிருந்த உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. இமயமலைச் சாரலில் கசௌலியிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்திற்கும், சென்னை கிண்டியிலுள்ள பி.சி.ஜி. தடுப்பு மருந்துக் கூடத்திற்கும் அதே வேளையில் அதே கதி நேர்ந்தது.

செய்தி கேட்டவர்கள், அங்கே செய்த மருந்து கெட்டுவிட்டது போலும், குழந்தைகளுக்கு ஏதோ தீங்கு நேர்ந்திருக்கும் போலும் என்று எண்ணியிருக்கக்கூடும். காரணம் அதுவன்று. இன்ன தொகுதியைச் சேர்ந்த மருந்து பழுதுபட்டது என்பதற்காக உரிமம் நிறுத்தப்படவில்லை. மருந்து செய்யும் கூடமும் செய்யும் முறையும் விதிக்கப்பட்ட நெறிகளுக்கு இணங்கவில்லை என்பதே அரசாங்கம் காட்டிய காரணம். பொருளில் குற்றம் காணாமலே, பொருள் செய்யும் வழியில் குற்றம் கண்டு கதவைச் சாத்துவது முறையா? இக்கேள்விக்கு விடை கண்டால், இன்று மருத்துவமனை வாயில்களில் நாம் காணும் தரச் சான்றிதழ்களின் பொருளும் விளங்கிவிடும்.

முதலில் அந்த நிலையத்தைச் சிறிது அறிந்துகொள்வோம். வெறிநாய்க் கடிக்குச் சிகிச்சை செய்யும் பாஸ்டர் நிலையம் இந்தியாவில் முதன்முதல் 1900-இல் கசௌலியில் ஏற்பட்டது. தென்னாட்டில் நாய் கடித்தவர் வடகோடி வரை பயணம் செய்தாக வேண்டும், நஞ்சு காத்திருக்குமா? 1902-இல் ஓர் ஆங்கில இளம்பெண் இந்நோய்க்குப் பலியானது பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. பெயரறியாத எத்தனையோ ஏழைகள் அதற்கு முன்பே பலியாகியிருந்தனர் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் வைசிராய் கர்ஸன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதி குன்னூர் நிலையத்தை எழுப்பப் பயன்பட்டது. பின்னர் அங்கேதான் ராபர்ட் மக்காரிசன் உணவுச் சத்துக் குறைவால் வரும் நோய்களை ஆராய்ந்தார்; அவர் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. குன்னூரோ வெறிநாய்க்கடி மருந்தோடு, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி ஆகிய மூன்று நோய்களையும் தடுக்கும் முத்தடுப்பு மருந்தையும் நாட்டுக்குச் செய்து கொடுத்து வந்தது. 1985-இல் நாடெங்கும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் பெருந்திட்டம் தொடங்கிய பிறகு அதன் பொறுப்பு இன்னும் பெருகிற்று. திட்டத்திற்குத் தேவையான அடிப்படை மருந்துகளில் பெரும்பகுதியை அரசாங்கத்தின் இந்த மூன்று நிலையங்களே அளித்து வந்தன.

இனி, நாம் எழுப்பிய கேள்விக்கு வருவோம். விடை குன்னூரிலேயே, தேயிலையில் இருக்கிறது. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்திச் சலித்துத் தேயிலையாக்குகிறார்கள். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடைபெறுகிறது. ஏலத்திற்கு முன் சுவை பார்ப்போர் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிறிதளவு எடுத்து வடித்து, வரிசையாக வைத்த கிண்ணங்களில் ஒரு வாய் உறிஞ்சி உமிழ்ந்து மதிப்பிடுவர். ஒரே நாளில் ஒரே முறையில் உலர்த்திச் சலித்துக் கலந்த தொகுதியாதலின், ஒரு கரண்டி சொல்வதை மூட்டை முழுவதும் சொல்லும். ஆகவே தேயிலையின் தரத்தைத் தேயிலையே காட்டிவிடும்.

தடுப்பு மருந்து அவ்வாறு அன்று. ஒரு தொகுதியில் ஒரு லட்சம் சீசாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் ஆயிரத்துக்கு ஒன்று வீதம், மூடும்போது கிருமி புகுந்துவிட்டது என்றும் கொள்வோம். ஒரு சீசாவைச் சோதிக்க வேண்டுமானால் அதைத் திறந்தாக வேண்டும். திறந்த சீசா பிறகு பயன்படாது. எல்லாவற்றையும் சோதித்தால் குழந்தைகளுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆதலின் சோதனைச் சாலையில் இருபது சீசாக்களை எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த இருபதில் கெட்டது ஒன்றேனும் அகப்படுமா? கணக்கு மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். நூறு முறை இவ்வாறு எடுத்தால் ஏறக்குறைய 98 முறை இருபதும் நல்லனவாகவே இருக்கும், தொகுதி தேறிவிடும். ஆனால் அந்தத் தொகுதியில் நூறு கெட்ட சீசாக்கள் ஒளிந்திருக்கும். சீசா ஒன்றுக்குப் பத்துக் குழந்தைகள் என்றால் ஆயிரம் குழந்தைகள்!

கடைசியில் செய்யும் சோதனை வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. அது மட்டும் போதாது என்பதே பொருள். கிருமி புக வழியே இல்லாதபடி கூடத்தையும் செயலையும் அமைத்துக்கொள்வது ஒன்றே மிஞ்சிய பாதுகாப்பு. ‘நல்லுற்பத்தி நெறிகள்’ எனப்படுவன இதற்காகவே வகுக்கப்பட்டவை. நம் நாட்டில் மருந்து விதிகளின் ‘எம்’ அட்டவணையில் அவை அடங்கியுள்ளன. 2001-இல் அந்த அட்டவணை திருத்தி விரிவாக்கப்பட்டது.

அந்நெறிகள் கேட்பன யாவை? உள்ளே வரும் காற்று வடிகட்டப்பட்டதாக இருக்க வேண்டும். மிகத் தூய அறையில் காற்றழுத்தம் சற்று அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும்போது காற்று உள்ளிருந்து வெளியே வீசும், வெளியிலுள்ள தூசி உள்ளே வராது. பணியாளர் புகும் வழியும், பொருள் செல்லும் வழியும், கழிவு வெளியேறும் வழியும் ஒன்றையொன்று வெட்டலாகாது. வெப்பமானி முதல் தராசு வரை ஒவ்வொரு கருவியும் குறித்த காலத்தில் சரிபார்க்கப்பட வேண்டும். கொதிகலம் கிருமிகளைக் கொல்கிறது என்று சொன்னால் போதாது. கொல்கிறது என்று பல முறை சோதித்து மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, செய்ததை எழுதி வைக்க வேண்டும்: யார், எப்போது, எந்தச் சட்டியில், எத்தனை பாகை வெப்பத்தில் செய்தார் என்று. நூறாண்டுக்கு முன் எழுந்த ஒரு கட்டடத்தில், அதன் வளைவான நடைகளையும் மர ஜன்னல்களையும் வைத்துக்கொண்டு, இவற்றை நிறைவேற்றுவது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதி வைப்பதில் என்ன இருக்கிறது, அது குமாஸ்தா வேலையன்றோ என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பம்பாயில் வால்டமார் ஹாப்கின் என்ற விஞ்ஞானி பிளேக் நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டு, தம் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து நாடெங்கும் அனுப்பிவந்தார். 1902 அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாபில் முல்கோவால் என்ற ஊரில் 107 பேருக்கு அம்மருந்து குத்தப்பட்டது. ஐந்து புட்டிகள் அன்று திறக்கப்பட்டன. அவற்றுள் ஒரே ஒரு புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்கு இரணஜன்னி கண்டது. 19 பேரும் மாண்டனர். மற்றவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. விசாரித்த குழு, புட்டி பம்பாயிலேயே கெட்டிருக்க வேண்டுமென்று முடிவு செய்தது. ஹாப்கின் பதவியிழந்தார், அவர் பெயர் கெட்டது.

பிறகுதான் வேறொரு செய்தி வலுப்பெற்றது. புட்டியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்ததாம். அதைத் தீயில் காய்ச்சித் தூய்மை செய்ய வேண்டியிருக்க, கார்பாலிக் நீரில் ஒரு முறை அலசிவிட்டு அதனாலேயே புட்டியின் அடைப்பைப் பிடுங்கினாராம். இரணஜன்னிக் கிருமியின் உறைவிடம் மண் என்பதை நீங்கள் அறிவீர்கள். ரொனால்டு ராஸ் போன்ற அறிஞர்கள் ஹாப்கினுக்காக வாதாடினர்; 1907-இல், குன்னூர் நிலையம் திறந்த அதே ஆண்டில், அவர்மீதிருந்த பழி நீங்கிற்று. பம்பாய்க் கூடம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் ஐந்தாண்டுக்காலம் ஒரு மேதை குற்றவாளியாக நின்றார். அந்தப் புட்டி எவ்வாறு நிரப்பப்பட்டது, எவ்வாறு திறக்கப்பட்டது என்பதற்கு ஐயத்துக்கிடமில்லாத பதிவுகள் இரு புறத்திலும் இருந்திருந்தால், இந்த வழக்கு ஐந்து நாளில் தீர்ந்திருக்கும். பதிவேடு என்பது நோயாளிக்குக் காப்பு. நேர்மையாக வேலை செய்பவனுக்கும் அதுவே காப்பு.

ஆகவே, வழியில் குற்றம் கண்டு உரிமத்தை நிறுத்தலாமா என்றால், கொள்கையளவில் நிறுத்தலாம் என்றே நான் சொல்வேன். நடந்த விதம் வேறு கதை.

குன்னூருக்கு நெருக்கடி வந்தது ஜினீவாவிலிருந்து. இந்தியத் தனியார் நிறுவனங்கள் சில, ஐ.நா. குழந்தைகள் நிதி நிறுவனத்தின் வாயிலாக உலக நாடுகளுக்குத் தடுப்பு மருந்து அனுப்பி வருகின்றன. அவ்வாறு அனுப்ப வேண்டுமானால், மருந்து செய்யும் நிறுவனம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாது. அந்நாட்டு அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் திறமையாக இயங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நிறுவனத்தின் வல்லுநர் 2007-இல் ஆராய்ந்தபோது, அரசாங்க நிலையங்கள் நல்லுற்பத்தி நெறிகளை நிறைவேற்றவில்லை என்று குறை கண்டனர். தன் வீட்டுப் பிள்ளையைக் கண்டிக்காத ஆசிரியர் மற்ற பிள்ளைகளைக் கண்டிப்பதை யார் மதிப்பர்? ஒப்புதல் போய்விட்டால் ஏற்றுமதி நின்றுவிடும். அடுத்த ஜனவரியில் மூன்று நிலையங்களின் உரிமங்களும் நிறுத்தப்பட்டன.

அதன் விளைவு மருந்துக் கூடத்தோடு நிற்கவில்லை. அரசாங்கம் தனியாரிடம் மருந்து வாங்க நேர்ந்தது. அரசாங்கமே செய்யும் மருந்து இருக்கும்போது, தனியார் கேட்கும் விலைக்கு அது ஒரு கடிவாளமாக இருக்கும். கடிவாளம் அறுந்ததும் விலை ஏறிற்று. பல மாநிலங்களில் தடுப்பு மருந்துத் தட்டுப்பாடு பற்றிய செய்திகள் வந்தன. நாடாளுமன்ற நிலைக்குழு, நிலையங்களை மீண்டும் இயங்கச் செய்ய வேண்டுமென்று வலியுறுத்திற்று. உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது. அசுத்தமான மருந்தால் குழந்தைக்குத் தீங்கு நேரலாம் என்பதற்காக விதிக்கப்பட்ட நெறி, மருந்தே கிடைக்காத குழந்தைக்கு என்ன சொல்லும்? கக்குவான் இருமல் நெறிமுறை படித்துவிட்டு வருவதில்லை.

விதி திருத்தப்பட்டது 2001-இல். அதற்கேற்பக் கூடங்களைப் புதுப்பிக்கப் பணம் தர வேண்டியவர் யார்? அந்நிலையங்களின் உரிமையாளரான அதே அரசாங்கம்தான். கட்டளையிடும் கையும் கருவூலத்தைத் திறக்கும் கையும் ஒரே உடம்பில் இருந்தும், ஒன்று செய்வதை மற்றொன்று அறியவில்லை. என்னைக் கேட்டால், குன்னூரில் கண்ட குறைகளில் பாதி குன்னூரின் குறைகள் அல்ல.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். மருத்துவமனைகளுக்குத் தரம் வகுத்த வரலாற்றில் அதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. ஏனெனில், மருந்துக் கூடத்துக்குச் சொன்ன நியாயமே மருத்துவமனைக்கும் பொருந்தும். நோயாளி பிழைத்துவிட்டார் என்பதால் மட்டும் மருத்துவமனை நல்லதாகிவிடாது. சிலர் மருத்துவமனையையும் மீறிப் பிழைத்துவிடுவர். அமெரிக்க ரண சிகிச்சை நிபுணர் கல்லூரி என்ற சங்கம் 1917-இல் மருத்துவமனைகளுக்குக் குறைந்த அளவுத் தரம் ஒன்றை வகுத்தது. ஒரே பக்கத்தில் அச்சிடக்கூடிய அளவுதான். தகுதியுள்ள மருத்துவர்கள் ஓர் அமைப்பாக இயங்க வேண்டும். அவர்கள் கூடித் தங்கள் பணியைத் தாங்களே ஆராய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான குறிப்பேடு இருக்க வேண்டும். சோதனைக்கூடமும் எக்ஸ்-ரே வசதியும் வேண்டும். இவ்வளவே.

நூறு படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள 692 மருத்துவமனைகளை அச்சங்கத்தார் நேரில் சென்று பார்த்தனர். தேறியவை 89 மட்டுமே! தேறாதவற்றுள் அந்நாட்டின் புகழ்பெற்ற மருத்துவமனைகள் சிலவும் இருந்தன. பெயர்ப் பட்டியல் வெளிவந்தால் என்ன ஆகுமோ என்று அஞ்சி, 1919-இல் நியூயார்க் நகரத்து ஓட்டல் ஒன்றின் அடுப்பில் அப்பட்டியலைப் போட்டு எரித்துவிட்டனர். எரித்தது சரியன்று என்பேன். மக்களுக்குத் தெரிய வேண்டியது சாம்பலாயிற்று. ஆனால் அதன்பின் செய்தது பாராட்டத்தக்கது. தேறாத மருத்துவமனைகளை அவர்கள் மூடச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். குறையைச் சொல்லித் திருந்தச் செய்தனர். 1950-க்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அந்தத் தரத்தை எட்டிவிட்டன. 1951-இல் அப்பணியை ஏற்க ஒரு கூட்டு ஆணையமே அமைந்தது.

நம் நாட்டிலும் இன்று இம்முறை வழங்குகிறது. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் தேசிய வாரியம் 2005-இல் ஏற்பட்டது. விரும்பி விண்ணப்பிக்கும் மருத்துவமனையை வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் பார்வையிட்டுச் சான்று அளிக்கின்றனர். சான்று சில ஆண்டுகளுக்கே செல்லும், பிறகு மீண்டும் தேற வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் உரிய தர உறுதி நெறிகள் 2013-இல் வகுக்கப்பட்டன. சேவைகள், நோயாளியின் உரிமைகள், தொற்றுத் தடுப்பு முதலாக எட்டுத் துறைகளில் மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தத்தில் நூற்றுக்கு 70 பெறுவதோடு வேறு சில நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் தேர்ச்சி. இதில் ஒரு நயம் உண்டு. தேறாத சுகாதார நிலையத்தின் கதவு சாத்தப்படுவதில்லை. எந்தத் துறையில் எத்தனை மதிப்பெண் குறைந்தது என்ற கணக்கு அதன் கையில் இருக்கும். மேலதிகாரியிடம் படுக்கை கேட்கவும் நீர்க்குழாய் கேட்கவும் அந்தக் கணக்கே ஆதாரமாகும். உரிமம் என்பது இதனினும் வேறானது. அது இல்லாமல் தொழிலே நடத்த முடியாது. அங்கீகாரத்தில் பொறுத்துக்கொள்ளும் குறையை உரிமத்தில் பொறுக்க இயலாதென்பது உண்மை. ஆயினும் காலக்கெடு வைத்து, பணமும் கொடுத்து, ஒரு கூடத்தைத் திருத்தும்போது மற்றொரு கூடம் இயங்கும்படி முறை வகுத்திருக்கலாமே என்ற எண்ணம் எழாமல் இல்லை.

2010 பிப்ரவரியில் நிறுத்தாணை விலக்கப்பட்டது. ஆனால் பழைய கூடத்தில் நெடுநாள் ஓட்ட முடியாதென்பது தெளிவாகிவிட்டது. நூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், நல்லுற்பத்தி நெறிகளுக்கு இணங்கிய புதிய உற்பத்திக் கூடம் ஒன்று குன்னூரிலேயே எழுப்பப்பட்டது. கதவைச் சாத்துவதற்கு முன்பே இந்தப் பணம் வந்திருந்தால், இந்தப் பேச்சுக்குப் பொருளே இருந்திராது.

கூடம் எவ்வளவு தூயதாயினும், மருந்தின் பயணம் அதன் வாயிலில் முடிவதில்லை. 2 முதல் 8 பாகை வரை குளிர்ச்சியில் அது கிராமம் வரை போய்ச் சேர வேண்டும். இப்போது சீசாவின் மீது ஒரு சிறு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் அச்சிடுகிறார்கள். சூடு பட்டால் சதுரம் கறுக்கத் தொடங்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்து ஆகாது. ஆனால் நீலகிரிக்கு இது மட்டும் போதாது. முத்தடுப்பு மருந்துக்குச் சூட்டைக் காட்டிலும் உறைபனி பெரும் பகை. உறைந்து உருகிய மருந்து வீரியம் இழந்துவிடும், சதுரமோ அதைக் காட்டாது. உதகையில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் விடியற்காலைகளை எண்ணிப் பாருங்கள். அதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய ஒரு சீசாவையும் ஐயத்துக்குரிய சீசாவையும் சேர்த்துக் குலுக்கி, அருகருகே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உறைந்த மருந்தில் வெண்மையான துகள்கள் விரைந்து அடியில் படியும். நல்ல மருந்து வெகுநேரம் கலங்கியே நிற்கும். ஐயத்துக்குரிய சீசாவிலும் துகள் அவ்வாறே விரைந்து படியுமானால், தோட்டத்து லயன் வீடுகளுக்குப் புறப்பட்ட செவிலி அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதன் தொகுதி எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறாள்.